ரிப்பன் வெட்டவிருந்த பஞ்சவர்ணக்கிளி

திண்டிவனம், விழுப்புரம் வட்டாரப் பொதுமக்களுக்கும், கடல் கடந்து வாழும் தமிழ்ப் பெருமக்களுக்கும், இனிமேல் பிறக்கப்போகும் தலைமுறைகளுக்கும் அறிவிப்பது யாதெனில்: மனித குல வரலாற்றில் முதன்முறையாக ஒரு பூங்காவின் திறப்பு விழா ரிப்பனை மனிதக் கை தொடாது. தென்னமெரிக்கக் காடுகளின் மைந்தனும் பஞ்சவர்ணக்கிளிகளின் பேரரசனுமாகிய ‘சக்கரவர்த்தி’ விண்ணில் பறந்து வந்து தன் பொன் அலகால் வெட்டித் திறந்துவைக்கும். அனைவரும் வருக. மதிய உணவு உண்டு.

இந்த நோட்டீஸை எழுதியவர் பூங்காவின் நிறுவனர் அப்பாதுரை. மனை போட்டு விற்றவர். விற்காமல் மிஞ்சிய மனைகளில் பூங்கா போட்டவர். திண்டிவனத்துக்குத் தெற்கே, நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே திரும்பும் மண்ரோட்டில், ‘அப்பாதுரை அகில உலக உயிரினப் பூங்கா’ என்ற வளைவு நிற்கிறது. அகில உலகத்தில் இப்போதைக்கு இருப்பவை: நெருப்புக்கோழி என்று போர்டு மாட்டிய ஈமுக்கள், நிஜமா பிளாஸ்டிக்கா என்று பார்க்கிறவர்கள் பந்தயம் கட்டும் அளவுக்கு அசையாத ஒரு இகுவானா, தொட்டி நிறைய ஆமைகள், எண்ணிக்கை நிலையில்லாத முயல்கள். கடைசியாகச் சக்கரவர்த்தி. அதன் அலகு பொன் இல்லை. கறுப்பு.

நோட்டீஸ் அச்சாகி வந்த நாளிலிருந்து, கிளியைப் பழக்கும் நாசியா அதில் ‘விண்ணில் பறந்து’ என்ற இடத்தையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தாள். கோட்டக்குப்பத்துக்காரி. கணவர் ரபீக்கோடு ஷார்ஜாவில் இருந்தபோது ஒரு பறவைக் காட்சியில் கூண்டு கழுவப் போய், பறவைகளைப் பழக்கும் வேலைவரைக்கும் உயர்ந்தவள். ரபீக் இன்னும் அங்கேதான். அவள் ஊர் திரும்பிய பிறகு, ‘பாரின் ட்ரெயினர்’ என்று போர்டில் போடலாம் என்பதற்காகவே அப்பாதுரை அவளை வேலைக்கு எடுத்தார்.

அவள் சேர்ந்தபோது சக்கரவர்த்தி கிளியாக இல்லை. நெஞ்சு இறகுகளைத் தானே பிடுங்கிப் போட்டு, உரித்த கோழி மாதிரி கூண்டு மூலையில் கத்திக்கொண்டிருந்தது. நீட்டிய விரலைக் கிழித்தது. அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. ஒரு வருஷம் அவள் கூண்டுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டாள், போன் பேசினாள், கொட்டாவி விட்டாள். நெஞ்சில் மஞ்சள் மறுபடி முளைத்த அன்றைக்கு ரபீக்குக்கு வீடியோ அனுப்பினாள். “என் போட்டோவ ஸ்டேட்டஸ்ல வச்சு எவ்ளோ நாளாவுது தெரியுமா?” என்று பதில் வந்தது.

பறவையைப் பழக்குவதில் மந்திரம் ஒன்றும் கிடையாது. பசிதான் வாத்தியார். தினமும் காலையில் காய்கறித் தராசில் நிறுத்து, வயிறு கொஞ்சம் காலியாக இருக்கும் நேரம் பார்த்து, தகர டப்பாவில் மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, குலுக்கினால் கைக்கு வரும். ரிப்பனைக் கடித்து அறுத்தால் ஒரு மல்லாட்டை. வலை கட்டிய ஷெட்டுக்குள் அது இதையெல்லாம் கச்சிதமாகச் செய்தது. பிரச்சினை, வலைக்கு வெளியே. அங்கே அதற்கு இரை தேடத் தெரியாது. கரண்ட் கம்பி இன்னதென்று தெரியாது. காக்கைக் கூட்டம் கொத்தினால் எங்கே ஒளிவது என்று தெரியாது. பறந்து தொலைந்த கூண்டுப் பறவை என்பது, செத்த பறவைக்கு வைக்கிற கௌரவமான பெயர். நாசியாவுக்கு அது தெரியும்.

“வலைக்குள்ளயே ரிப்பன கட்டுங்க சார். அது பாட்டுக்கு வந்து வெட்டும்.”

“வலைக்குள்ளயா? அண்ணன வலைக்குள்ள நிக்க வைக்க சொல்றியா?” என்றார் அப்பாதுரை. அண்ணன் என்பது சிறப்பு விருந்தினர். வட்டார வளர்ச்சிப் பேரவை என்ற ஒன்றுக்குத் தலைவர். அந்தப் பேரவையில் வேறு யாரையும் இதுவரை யாரும் பார்த்ததில்லை. “நாளைக்கு போட்டோவ பாத்துட்டு, இதுல எது கிளின்னு கேப்பானுங்கம்மா.”

“அப்ப வெடியாச்சும் வேணாம் சார். அது பயந்துக்கினு போச்சுன்னா போனதுதான்.”

“ஒரு ஊசிவெடி கெடையாது. என் வாக்கு.”

அப்பாதுரையின் வாக்கை நம்பி மனை வாங்கியவர்கள் இன்னும் தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கிறார்கள். ஆனாலும் நாசியா ஷெட்டுக்குத் திரும்பினாள். அவள் வேலையை விட்டுப் போகலாம். சக்கரவர்த்தி போக முடியாது.

விழா நாள் காலையில் அவள் வந்தபோது, வாசலில் அண்ணனின் கட்அவுட் எழுந்து நின்றது. ப்ளைவுட்டில் வெட்டி, சவுக்குக் கட்டை முட்டுக் கொடுத்து, பூங்கா வளைவைவிட உயரமாக. அதன் காலடியில், மண்ரோட்டின் ஓரமாக, சிவப்புச் சரவெடி பாம்பு மாதிரி நீளமாகப் படுத்திருந்தது. பக்கத்தில் வாட்ச்மேன் வெங்கடாசலம் ஊதுவத்திக் கட்டோடு நின்றார்.

“சார், வெடி கெடையாதுன்னீங்க.”

“நான் வாங்குலம்மா. அண்ணனோட ஆளுங்க கொண்டாந்துட்டாங்க. என் வாக்குல அவங்க எப்பிடி சேர்த்தி?” அப்பாதுரை பட்டு வேட்டியை இழுத்து விட்டுக்கொண்டார். “ரிப்பன் அறுந்தப்புறந்தான் வெடிப்பாங்க. அதுக்குள்ள நீ கிளிய கூண்டுல போட்டுடு. ஜல்தியா.”

நாசியா ஷெட்டுக்கு ஓடினாள். சக்கரவர்த்தியைத் தராசில் ஏற்றினாள். முள்ளைப் பார்த்தாள். இறக்கி, தட்டைத் துடைத்து, மறுபடி ஏற்றினாள். முள் மாறவில்லை; எடை கூடித்தான் இருந்தது. கிளியின் தொண்டைக்குக் கீழே இரைப்பை புடைத்துத் தொங்கியது. அலகின் ஓரத்தில் ஆரஞ்சு நிறத்தில் என்னவோ பளபளத்தது. தொட்டுப் பார்த்தாள். நெய்.

சமையல் பந்தலில் அப்பாதுரையின் மனைவி கிருஷ்ணவேணி கேசரி அண்டாவைக் கிளறிக்கொண்டிருந்தார்.

“அக்கா, கிளிக்கு கேசரி குடுத்தீங்களா?”

“ரெண்டு வாய்தான். இன்னாமா சாப்புட்டுச்சு தெரியுமா, கண்ண மூடிக்கினு.”

“போர்டு வச்சிருக்கேனேக்கா, பெருசா. உணவு கொடுக்காதீர்கள்னு.”

“அது வர்ற போற ஜனங்களுக்கு. நாம வூட்டு மனுஷங்க இல்ல?” கிருஷ்ணவேணிக்கு உண்மையாகவே புரியவில்லை. “நல்ல நாளும் அதுவுமா ஒரு வாயில்லா ஜீவன பட்டினி போட்டுட்டு ரிப்பன் வெட்ட சொன்னா, இந்த எடம் வெளங்குமா? நீயே சொல்லு.”

கரண்டி பிடித்த கை ஒன்றாக இருந்தால் பரவாயில்லை. விசாரிக்க விசாரிக்க வெளியே வந்தது. வெங்கடாசலம் டீக்கடை பன் கொடுத்திருந்தார், விடியற்காலையிலேயே. பெருக்க வரும் சவுரியம்மாள் அவித்த மல்லாட்டை கொடுத்திருந்தார். விழாவைத் தொகுத்து வழங்க வந்த பூவரசன் தன் வாழைப்பழத்தில் பாதி. ஒருவர் கொடுத்தது இன்னொருவருக்குத் தெரியாது. ஒவ்வொருவரும், இந்தக் கிளி படும் பாட்டைப் பார்க்கத் தனக்கு மட்டுமே மனசு கேட்கவில்லை என்று நம்பியிருந்தார். நாசியாவைப் பார்த்த பார்வையில் லேசான கண்டிப்புகூட இருந்தது. கல்நெஞ்சக்காரி.

“சார், இன்னிக்கு பறக்க விட முடியாது,” என்றாள் அப்பாதுரையிடம். “வயிறு ரொம்பிக் கெடக்குது. கூப்டா வராது.”

“அண்ணன் டோல்கேட்ட தாண்டிட்டாரும்மா.”

“டோல்கேட்ட யார் தாண்டினாலும் அது வராது சார்.”

அவர் முகத்தில் வேர்வை அரும்பியது. மனிதர் பயந்துபோயிருந்தார் என்பதை அவள் அப்போதுதான் கவனித்தாள். கடைசியில் ஓர் ஒப்பந்தம். பறக்க வேண்டாம். கையில் ஏந்திப் போய் ரிப்பன் பக்கத்தில் காட்டுவது, வெட்டினால் வெட்டட்டும். நாசியா கிளியின் காலில் ஒரு மெல்லிய வார் கட்டி, மறுமுனையை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டாள். “வார் வெளிய தெரியாம புடிச்சுக்கோ. சுதந்திரப் பறவைன்னு மைக்குல சொல்லியாச்சு,” என்றார் அப்பாதுரை.

அண்ணன் வந்தார். கட்அவுட்டில் இருந்ததைவிடக் குள்ளமாக, வயதானவராக. பொன்னாடை போர்த்தினார்கள். பூவரசன் மைக்கைப் பிடித்தார். பூவரசன் மைக்கைப் பிடித்தால் மைக்குக்குத்தான் கஷ்டம். பல்லவர் காலத்தில் மண்டகப்பட்டு மலையைக் குடைந்ததற்கு அடுத்தபடியாக இந்த மண்ணில் நடக்கும் பெரிய காரியம் இந்தப் பூங்காதான் என்றார். கூட்டம் சாப்பாட்டுப் பந்தலைப் பார்த்துக்கொண்டே கைதட்டியது.

நாசியா யாரையும் பார்க்கவில்லை. ஒரு கண் சரவெடிமேல், ஒரு கண் வெங்கடாசலத்தின் ஊதுவத்திமேல். அவர் அதைப் பற்றவைத்துவிட்டார். புகை நூலாகப் போனது. அவள் கையில் சக்கரவர்த்தி கனமாக, இளஞ்சூடாக உட்கார்ந்திருந்தது. பேச்சு நீண்டது. வயிறு நிறைந்து, பொழுது போகாமல், கிளி குனிந்து எதையோ கொறித்தது. அவள் குனிந்து பார்க்கவில்லை. பார்த்திருக்க வேண்டும்.

போட்டோ ஸ்டூடியோக்காரர் ட்ரோனைக் கிளப்பினார்.

வெடிக்குப் பயந்தாள், தவிலுக்குப் பயந்தாள், மைக்குக்குப் பயந்தாள். ட்ரோன் என்ற ஒன்று அவள் நினைப்பில் இல்லை. தலைக்கு மேலே கறுப்பாக ஒன்று சிறகு விரித்து நின்றால் கிளிக்கு அது பருந்துதான். கை சட்டென்று லேசானது. மணிக்கட்டை இழுத்துப் பிடித்தாள். வாரின் துண்டு முனை மட்டும் காற்றில் ஆடியது. ஒழுங்காக, நேராக அறுந்திருந்தது. ரிப்பன் மாதிரி இருக்கிற எதையும் வெட்டு என்று இத்தனை நாளாகக் கற்றுக்கொடுத்தது அவள்தான். கிளி நல்ல மாணவன்.

“இதோ, சக்கரவர்த்தி விண்ணில் பறக்கிறார்!” என்றார் பூவரசன்.

நீலமும் மஞ்சளுமாக ஒரு கோடு ரிப்பனைத் தாண்டி, வளைவைத் தாண்டி மேலேறி, அண்ணனின் கட்அவுட் உச்சியில் போய் உட்கார்ந்தது. கூட்டம் ஆர்ப்பரித்தது. அந்தச் சத்தத்தைக் கேட்ட வெங்கடாசலம், ரிப்பன் அறுந்துவிட்டது என்று தீர்மானித்து, ஊதுவத்தியோடு குனிந்தார்.

நாசியா ஓடினாள். வெடித்தால் கிளி மிரண்டு பறக்கும். அந்தப் பக்கம் ஏரி, அதற்கப்பால் நெடுஞ்சாலை. பிறகு எங்கே தேடுவது? வழியில் ஆமைத் தொட்டி இருந்தது, பக்கத்தில் வாளியும். மொண்டு, ஓடி, சரவெடியின் தலைமேல் கொட்டினாள். பாதி வெங்கடாசலத்தின் மேல். ஆமைத் தண்ணீரை மாற்றிச் சில நாளாகியிருந்தது.

“இன்னாம்மா இது,” என்றார் வெங்கடாசலம், முகத்திலிருந்து பாசியை எடுத்துப் போட்டபடி. “சொன்னா நிறுத்தியிருப்பேன் இல்ல?”

“மன்னிச்சுக்குங்கண்ணே. யாரும் சத்தம் போடாதீங்க. ட்ரோன எறக்குங்க. மைக்க நிறுத்துங்க.”

மைக் நின்றது. நிசப்தத்தில் ஒரே ஒரு சத்தம் மட்டும் கேட்டது. கறுக், கறுக். காட்டில் இருந்தால் இந்தக் கிளிகள் மரத்தை உரித்துக்கொண்டே இருக்கும். சக்கரவர்த்திக்கு வாழ்க்கையில் முதன்முறையாக இவ்வளவு பெரிய மரம் கிடைத்திருந்தது. அண்ணனின் தலைமுடியில் ஆரம்பித்தது. சிராய்கள் நிஜ அண்ணனின் தோளில் உதிர்ந்தன.

அண்ணனின் ஆட்களில் ஒருவர் கல்லெடுத்தார். “அண்ணன் தலைய துன்னுது, பாத்துக்கினு நிக்கிறீங்க?”

“போடாதீங்க,” என்றாள் நாசியா. அவர் கையைப் பிடித்தாள். “போட்டீங்கன்னா அது செத்துடும்.”

அந்த ஆள் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் அண்ணாந்து தன்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நெற்றி போய்க்கொண்டிருந்தது.

“அது எப்பம்மா எறங்கும்?”

“பசிச்சா எறங்கும் சார்.”

“எப்ப பசிக்கும்?”

எல்லோரும் கிருஷ்ணவேணியைப் பார்த்தார்கள். “நெய் கொஞ்சம் தாராளமாத்தான் ஊத்தியிருந்தேன்,” என்றார் அவர்.

அண்ணனுக்குக் கண்டாச்சிபுரத்தில் அடுத்த விழா. ரிப்பனைத் தாமே வெட்டிவிடலாமா என்று கத்தரிக்கோலைத் தேடினார். மனிதக் கை தொடாது என்று அச்சடித்துவிட்டதால் கத்தரிக்கோல் வாங்கவே இல்லை. புருவம் வரைக்கும் போனபோது காரில் ஏறினார். கூட்டம் சாப்பிட்டது. காலியான நாற்காலிகளைச் சத்தமில்லாமல் அடுக்கினார்கள்.

நாசியா வெயிலில் நின்று டப்பாவைக் குலுக்கினாள். கிளி ஒருமுறை தலையைச் சாய்த்துப் பார்த்தது. மல்லாட்டை. சாப்பிட்டாயிற்று. கண்ணை மூடிக்கொண்டது.

மத்தியானத்தில் காக்கைகள் வந்தன. முதலில் ஒன்று, பிறகு சொந்தக்காரர்களோடு. ஒன்று வாலைப் பிடித்து இழுத்தது. சக்கரவர்த்தி அலறியது. கூண்டு மூலையில், இறகில்லாமல் இருந்த காலத்தில் அலறிய அதே அலறல். எழும்பி, தடுமாறி, மண்ரோட்டு ஓரத்துக் கரண்ட் கம்பத்தில் போய் ஒட்டிக்கொண்டது. இந்தக் கம்பிக்கும் அந்தக் கம்பிக்கும் நடுவில். அது சிறகை விரித்தால் இரண்டிலும் படும்.

“யா அல்லா,” என்றாள் நாசியா.

அப்பாதுரை மின்வாரிய அலுவலகத்துக்குப் போன் போட்டார். “நான் அப்பாதுரை அகில உலக உயிரினப் பூங்காவின் நிறுவனர், தலைவர், மனைச் செம்மல்...” எதிர்முனை வைத்துவிட்டது. மறுபடி போட்டார். மறுபடி பட்டங்கள், மறுபடி வைத்துவிட்டார்கள். மூன்றாவது முறை போனைக் கன்னத்தில் அழுத்திக்கொண்டு, யாரும் இதுவரை கேட்டிராத சின்னக் குரலில் சொன்னார்: “சார், கம்பத்துல ஒரு கிளி மாட்டிக்கினு இருக்குது சார். செத்துடும் சார். கொஞ்சம் கரண்ட நிறுத்துங்க சார்.”

மின்சாரம் நின்றது. சுற்று வட்டாரத்தில் மின்விசிறிகள் நின்று, மத்தியானத் தூக்கத்திலிருந்து எழுந்தவர்கள் அப்பாதுரையை அவரவர் பாணியில் நினைவுகூர்ந்தார்கள். வெங்கடாசலம் கம்பத்தடியில் நின்று துண்டைச் சுழற்றிக் காக்கைகளை விரட்டினார். அவர் மேலிருந்து இன்னும் ஆமை வாடை போகவில்லை. கிளி அசையவில்லை. எவ்வளவு நேரம் கரண்டை நிறுத்திவைப்பார்கள்? இருட்டினால் ஆந்தை. நாசியா கழுத்து வலிக்க அண்ணாந்துகொண்டே டப்பாவைக் குலுக்கினாள். விசிலடித்தாள். ஷெட்டுக்குள் ஒரு வருஷமாகப் பழக்கிய எல்லாக் குரலிலும் கூப்பிட்டாள்.

வெயில் சாய்ந்தபோது, சமையல் பந்தலில் கிருஷ்ணவேணி அண்டாவைக் கழுவ உட்கார்ந்தார். அடிப்பிடித்த கேசரியைக் கரண்டியால் சுரண்டினார். சர்ர்க், சர்ர்க்.

கம்பத்தில் சக்கரவர்த்தி நிமிர்ந்தது.

நாசியாவின் நீட்டிய கைக்கு மேலாக, டப்பாவுக்கு மேலாக, அவள் தலைமுடி பறக்கும் அளவுக்குத் தாழ்ந்து பறந்து, பந்தலுக்குள் நுழைந்து, அண்டாவின் விளிம்பில் போய் உட்கார்ந்தது. கிருஷ்ணவேணி கரண்டியோடு உறைந்துபோனார்.

“அசையாதீங்கக்கா,” என்று நாசியா கிசுகிசுத்தாள், அடிமேல் அடி வைத்துக்கொண்டு. “ஊட்டுங்க.”

“நீதான ஊட்டக்கூடாதுன்ன?”

“ஊட்டுங்கக்கா. உங்களுக்கு புண்ணியமா போவும்.”

கிருஷ்ணவேணி ஒரு விரல் கேசரியை நீட்டினார். கிளி ஒரு காலைத் தூக்கி அதை வாங்கியது. காலில் மிச்சமிருந்த வார் துண்டை நாசியா பிடித்தாள். இன்னொரு கையால் அதன் முதுகைச் சேர்த்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கிளியின் இதயம் அடித்துக்கொண்டிருந்தது. அவளுடையது அதைவிட வேகமாக. வால் இறகு ஒன்று குறைந்திருந்தது. மற்றதெல்லாம் இருந்தது.

“பாத்தியா,” என்றார் கிருஷ்ணவேணி, மெதுவாக, ஆனால் விடாமல். “பசிக்குத்தான் வரும்னு சொன்ன. ருசிக்கு வந்துச்சு.”

மறுநாள் நாசியா ‘உணவு கொடுக்காதீர்கள்’ போர்டின் கீழே, ‘வீட்டு மனிதர்களும்’ என்று சேர்த்து எழுதினாள். சக்கரவர்த்தி இப்போது வலைக்குள் மட்டும் பறக்கிறது. புருவத்துக்கு மேல் ஒன்றுமில்லாத அண்ணனை முயல் கூண்டுக்குக் கூரையாகப் போட்டிருக்கிறார்கள்.

ரிப்பனை இன்னும் யாரும் வெட்டவில்லை. வருகிறவர்கள் குனிந்து உள்ளே போகிறார்கள்.